‘உன் மேல மான நஷ்ட கேஸ் போடுவேன்’: அந்த மிரட்டலுக்குள் சட்டம் எவ்வளவு?

தெரு வாட்ஸ்அப் குழுவில் தன்னைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். ஸ்டேஷன் ரைட்டர் கேட்டுக்கொண்டு, "இது நாங்க எடுக்குற கேஸ் இல்லைங்க, கோர்ட்டுல பாத்துக்கோங்க" என்கிறார். எழுதியவர் வீட்டுக்கோ இரண்டு வாரம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வருகிறது: பத்து லட்சம் நஷ்ட ஈடு, பகிரங்க மன்னிப்பு, தவறினால் இரண்டு ஆண்டு சிறை. போனவருக்கும் புரியவில்லை, நோட்டீஸ் வாங்கியவருக்கும் புரியவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று வட சென்னை முழுக்க இந்தக் குழப்பம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறிவிட்டதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

பலரும் நினைப்பதுபோல, மனம் எவ்வளவு நொந்தது என்பதை வைத்து இந்தச் சட்டம் அளப்பதில்லை. யாரிடம் சொன்னீர்கள், எதற்காகச் சொன்னீர்கள், சொல்லும் முன் என்ன விசாரித்தீர்கள் என்ற மூன்று கேள்விகளில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

ஒரே பேச்சு, இரண்டு வழக்கு

பெயரைக் கெடுத்தவர் மேல் இரண்டு வகையில் வழக்குத் தொடுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்திலும் தொடுக்கலாம்.

1. அவதூறு வழக்கு. இது குற்றவியல் வழக்கு; மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று நமக்குப் பழகிய பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்ற ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன. அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சேர்ந்தது சமூக சேவை: ஊதியம் இல்லாமல் பொதுவேலை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1-க்கு முன்னால் சொன்ன சொல்லுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

2. மான நஷ்ட வழக்கு. இது சிவில் வழக்கு. கேட்பது பணமும் தடையுத்தரவும். இதற்கென்று தனிச் சட்டப் புத்தகம் கிடையாது. நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டம் இது.

இங்கிலாந்துச் சட்டத்தில் வாயால் சொன்னதற்கும் எழுத்தில் போட்டதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாயால் சொன்னதென்றால், பொதுவாகப் பண இழப்பு ஏற்பட்டதை நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு. நம் குற்றவியல் சட்டத்தில் அந்த வேறுபாடே இல்லை. சிவில் பக்கத்தில் அதைத் தள்ளிவைத்த முக்கியமான தீர்ப்பு பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றத்தில்தான் பிறந்தது. 1884-ம் ஆண்டின் பார்வதி எதிர் மன்னார் வழக்கு அது. ஒரு பெண்ணை, முறைப்படி தாலி கட்டிய மனைவி இல்லை, பல இடங்களிலிருந்து துரத்தப்பட்டவள் என்று ஒருவர் ஏசினார். காசு எதுவும் நஷ்டமாகவில்லையே என்று தட்டிக்கழிக்காமல், ஒரு பெண்ணின் நடத்தையை வாயால் இழித்துச் சொன்னாலே நஷ்ட ஈடு கேட்கலாம் என்றது நீதிமன்றம். இன்றும் சந்துச் சண்டைகளில் பெண்களை நோக்கி முதலில் பாய்வது அதே வகைப் பேச்சுதான். அதற்கு நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்பே பதில் இருக்கிறது என்பது நம் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவதூறு ஆவதற்கு என்னென்ன வேண்டும்

1. ஒரு குற்றச்சாட்டு இருக்க வேண்டும். ஒருவரின் ஒழுக்கம், அறிவு, தொழில், சாதி, நாணயம், உடல்நிலை ஆகியவற்றைப் பிறர் கண்ணில் தாழ்த்துவதாக அது இருக்க வேண்டும்.

2. யாரைப் பற்றி என்பது தெரிய வேண்டும். பெயர் போட்டே ஆகவேண்டும் என்றில்லை. "ரெண்டாவது சந்து, பச்சை கேட்டு வீடு" என்றால் தெருவுக்கே புரியும். அது போதும்.

3. மூன்றாமவர் காதுக்கோ கண்ணுக்கோ போயிருக்க வேண்டும். இதைச் சட்டம் வெளியிடுதல் என்கிறது. பத்திரிகையில் அச்சாக வேண்டும் என்றில்லை. சம்பந்தப்பட்டவர் தவிர இன்னும் ஒரே ஒருவர் கேட்டாலும் வெளியிட்டதுதான்.

4. பெயர் கெட வேண்டும் என்ற நோக்கமோ, கெடும் என்ற அறிவோ, கெடும் என்று நம்புவதற்குக் காரணமோ இருந்திருக்க வேண்டும்.

வார்த்தைதான் வேண்டும் என்பதும் இல்லை. சட்டப் பிரிவிலேயே ஒரு கைக்கடிகாரத் திருட்டை வைத்து மூன்று எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். முதலாவதில் ஒருவர், "அவர் யோக்கியர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை" என்று, எதிர்ப்பொருள் புரியும்படி சொல்கிறார். அடுத்ததில், யார் எடுத்தது என்று கேட்டதும் ஒருவர் பேசாமல் இன்னொருவரை நோக்கிக் கை காட்டுகிறார். கடைசியில், கடிகாரத்தோடு ஓடுவதுபோல் ஒருவரைப் படம் வரைகிறார்கள். மூன்றுமே அவதூறு. "சங்கப் பணத்துல ஒரு ரூபாகூட தொடாத உத்தமர்" என்று வஞ்சப்புகழ்ச்சியாகப் போடும் ஸ்டேட்டஸ், முகத்தை வெட்டி ஒட்டிய மீம், பெயருக்குப் பக்கத்தில் வைக்கும் திருடன் ஸ்டிக்கர் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். "நான் பேர் சொல்லலையே, சும்மா சிரிச்சேன்" என்பது பதிலாகாது.

ஒரு சீட்டு, நான்கு இடங்கள்

இதை நம் பகுதியில் தினமும் நடக்கும் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். காசிமேட்டில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எடுத்த ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. "அக்கா என் சீட்டுப் பணத்தை ஆட்டைய போட்டுட்டாங்க" என்கிறார் அவர். வாக்கியம் ஒன்றுதான். அதை எங்கே சொல்கிறார் என்பதில்தான் எல்லாமே மாறுகிறது.

முதலில், அந்த அக்காவிடமே நேரில், தனியாகச் சொல்கிறார். மூன்றாமவர் இல்லை, எனவே அவதூறு இல்லை. அதையே ஏசலாகச் சொல்லிக் கைகலப்புக்கு இழுத்தால் அது வேறு பிரிவு.

அடுத்து, அதே சீட்டில் சேரப் போகும் தன் தங்கையிடம், "எனக்குப் பணம் வரல, நீ சேராதே" என்கிறார். இங்கே மூன்றாமவர் இருக்கிறார். ஆனாலும் சட்டம் இதைக் காக்கிறது. 356-ல் பத்து விதிவிலக்குகள் உண்டு. தன் நலனையோ இன்னொருவர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்வது ஒன்பதாவது. கேட்பவர் நன்மைக்காக எச்சரிப்பது பத்தாவது. "ரொக்கம் தந்தால் ஒழிய அவருக்குச் சரக்குக் கொடுக்காதே, அவர் நாணயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று கடைக்காரர் தன் கடையைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்வதைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது.

மூன்றாவதாக, இருநூறு பேர் உள்ள தெருக் குழுவில் அக்காவின் புகைப்படத்தோடு, "இந்த மோசக்காரியை நம்பாதீங்க" என்று போடுகிறார். இங்கேதான் ஆபத்து. அந்த இருநூறு பேரில் பலருக்கு அந்தச் சீட்டோடு சம்பந்தமே இல்லை. பணம் தாமதமாவதும் மோசடியும் ஒன்றல்ல. புகைப்படம் எதற்கு என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. பணத்தை இழந்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். நியாயம் தன் பக்கம் இருந்தும், அதைச் சொன்ன இடத்தால் தோற்றுப்போகிறார்கள்.

நான்காவதாக, அதே குற்றச்சாட்டைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுக்கிறார். அதை விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்கிறது எட்டாவது விதிவிலக்கு. கடைசியில் புகார் நிரூபணமாகாமல் போனாலும், அதனாலேயே அவதூறு ஆகிவிடாது.

இந்த ‘நல்லெண்ணம்’ மனசு சுத்தமாக இருந்தால் வந்துவிடுவதில்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று கொள்ள முடியாது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. சீட்டு நோட்டைப் பார்த்தீர்களா, அக்காவிடம் கேட்டீர்களா, மற்றவர்களுக்கும் இதே நிலையா என்று விசாரித்தீர்களா என்றெல்லாம் நீதிமன்றம் கேட்கும். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் அதற்கென்று தனித் தண்டனைப் பிரிவுகளும் இருக்கின்றன.

உண்மை என்றால் போதாதா?

சிவில் வழக்கில் போதும். சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் நஷ்ட ஈடு இல்லை.

குற்றவியல் வழக்கில் போதாது. முதல் விதிவிலக்கு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே வைக்கிறது: உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருபது ஆண்டுக்கு முன் நடந்த ஒரு வழக்கைத் தோண்டி எடுத்து, அவர் மகள் நிச்சயதார்த்த நேரத்தில் பரப்புகிறார் ஒருவர். தகவல் உண்மைதான். பொதுநன்மை எங்கே? விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதுதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை; நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும்.

புகையைப் பற்றிப் பேசினால் வழக்கு வருமா?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, ஓர் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படர்ந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவர் வாய் திறக்க அஞ்சினால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை.

நிறுவனமும் அவதூறு வழக்குத் தொடுக்கலாம். சட்டம் கம்பெனியையும் சங்கத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் மக்கள் பக்கமும் காப்புகள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ கலெக்டருக்கோ கொடுக்கும் மனு எட்டாவது விதிவிலக்கில் வரும். பொதுப் பிரச்சினையில் ஒருவரின் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து மூன்றாவதில் வரும். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தத் தெருவில் கண் எரிகிறது, குழந்தைக்கு இருமல் வந்தது, இதோ ஆஸ்பத்திரிச் சீட்டு" என்று பார்த்ததை மட்டும் சொன்னால் அதை அசைப்பது கடினம். "அதிகாரிக்கு மாமூல் கொடுத்து மூடிமறைக்கிறார்கள்" என்று கையில் ஆதாரம் இல்லாமல் சேர்க்கும் அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். கண்டதை எழுதுங்கள், ஊகத்தைக் கேள்வியாகக் கேளுங்கள்.

வாயை அடைக்கும் தடையுத்தரவுகளையும் நீதிமன்றங்கள் எளிதில் தருவதில்லை. 2024 மார்ச்சில் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில், முழு விசாரணைக்கு முன்பே ஒரு செய்திக்குத் தடை போடுவது விதிவிலக்கான சூழலில் மட்டுமே கூடும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. 1994-ல் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ மான நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதிகாரிகளும் தங்கள் அலுவல் தொடர்பாகச் சொன்னதற்காக எளிதில் நஷ்ட ஈடு பெற முடியாது. சொன்னது பொய் என்றும், உண்மையா என்று சற்றும் பாராமல் வெளியிட்டார்கள் என்றும் காட்ட வேண்டும். நக்கீரன் இதழ் வெளியிட இருந்த, கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாறு பற்றிய வழக்கு அது.

குற்றவியல் பக்கத்தில் மட்டும், அமைச்சர்கள், அரசு ஊழியர்களின் அலுவல் பற்றிய பேச்சுக்கு அரசு வக்கீல் நேராகச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் புகார் தர ஒரு தனி வழி உண்டு. அந்த வழி தமிழ்நாட்டில் தாராளமாகவே பயன்பட்டிருக்கிறது. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மேல் அரசு போட்டிருந்த பல அவதூறு வழக்குகளை ரத்து செய்து, ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்ற பொருளில் கடிந்துகொண்டது.

ஃபார்வர்ட் செய்தவர், அட்மின், பிளெக்ஸ் கடை

"நான் எழுதல, வந்ததை அனுப்பினேன்" என்ற வாதம் நிற்காது. அனுப்புவதும் வெளியிடுவதுதான். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகளை ரத்து செய்யக் கேட்ட ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு, 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு, அனுப்பியவர்தான் விளைவுக்குப் பொறுப்பு என்றது. அந்த வழக்கில் இருந்தவை வேறு பிரிவுகள். ஆனால் பகிர்ந்தவர் பொறுப்பு பற்றிய அந்த வாதம் இங்கும் பொருந்தும்.

அட்மின் கதை வேறு. குழுவில் இன்னொருவர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அவரும் அதில் கூட்டு என்றால் அது தனி.

சுவரொட்டியும் பிளெக்ஸும் அடிக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவதூறு என்று தெரிந்தே, அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தும், அச்சிட்டுத் தந்தால் 356-ன் மூன்றாவது உட்பிரிவில் அதே இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. விற்பவருக்கு நான்காவது உட்பிரிவு. சங்கத் தேர்தல் சமயத்தில் "கொள்ளையடித்த கும்பலே பதில் சொல்" என்று பெயர்களோடு வரும் ஆர்டரை, வந்தவர் காசு கொடுத்தார் என்பதற்காக அப்படியே ஓட்டிவிடக் கூடாது.

‘வட சென்னைன்னாலே ரவுடி’

ஒரு பகுதியையே இழிவாகப் பேசுவதற்கு அவதூறு வழக்குப் போடலாமா என்று இளைஞர்கள் கோபத்தோடு கேட்பதுண்டு. கோபம் நியாயம்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எழுதத் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பதில்: முடியாது. ஒரு கூட்டத்தின் மேல் சொன்ன பழி அவதூறாக வேண்டுமென்றால், அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று திட்டமாகப் பிரித்துக் காட்ட முடிய வேண்டும். 1971-ல் சேலத்தில் நடந்த திராவிடர் கழக மாநாடு பற்றிய செய்திக்காகப் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 1972-ல் ரத்து செய்தது இந்தக் காரணத்தால்தான். மாநாட்டுக்கு வந்த அத்தனை பேரும் அப்படிப்பட்ட திட்டமான கூட்டம் இல்லை என்றது.

ஆனால் ஒரு தனி இளைஞனின் படத்தைப் போட்டு, "தேடப்படும் ரவுடி" என்று எழுதினால் அது முழுக்க வேறு. கைதானவரைக் குற்றவாளி என்று எழுதுவதும், விடுதலையானவரை இன்னும் கொலைகாரன் என்று அழைப்பதும் அப்படியே. வழக்கு நிலுவையில் இருந்தால் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற சொல்லைத் தாண்டக் கூடாது. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி எழுதுவதற்கு நான்காவது விதிவிலக்கின் காப்பு இருக்கிறது.

போலீஸ் ஏன் எடுப்பதில்லை, எப்போது எடுக்கும்?

அவதூறு, போலீஸ் தானாக விசாரிக்கக் கூடிய குற்றம் இல்லை, ஜாமீனில் விடத்தக்கது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் எப்.ஐ.ஆர். போட முடியாது, கைது செய்ய முடியாது. புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். ஆகவே, "போலீஸ்ல சொல்லி இன்னைக்கே உள்ளே தள்றேன்" என்ற மிரட்டலுக்கு அவதூறுப் பிரிவில் இடமில்லை.

ஆனால் அதே பேச்சு வேறு குற்றமாகவும் இருந்தால் போலீஸ் எடுத்தே ஆகவேண்டும். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு பேசினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை. பொது இடத்தில் பிறர் பார்க்க, பட்டியல் சாதியினரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. ஆபாசப் படமோ வீடியோவோ இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67. இப்படி ஒன்று நடந்திருக்கும்போது, பாதிக்கப்பட்டவரிடம், "அவதூறுதானே, கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவது தவறு. அங்கே பிரிவைச் சொல்லி எப்.ஐ.ஆர். கேட்க உரிமை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று யாராவது மிரட்டினால் பொருட்படுத்த வேண்டாம்; அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது.

வழக்கு எப்படி நகரும்

1. வக்கீல் நோட்டீஸ். சட்டப்படி கட்டாயம் இல்லை, பெரும்பாலும் அனுப்புவார்கள். வாங்கியவர் கிழித்துப் போடாமல் பதில் அனுப்புவது நல்லது. கோபத்தில் எழுதும் பதிலும் சாட்சியமாகும்.

2. தனிநபர் புகார். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும்; அவருக்காகப் பொங்கி எழும் ரசிகரோ கட்சிக்காரரோ கொடுக்க முடியாது. மாஜிஸ்திரேட் புகார்தாரரையும் அவர் சாட்சிகளையும் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது: வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்க வேண்டும். முன்பு சம்மன் வந்த பிறகுதான் வழக்கு இருப்பதே தெரியும்.

3. ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பதிவு வந்த போனை மாற்றாமல், விற்காமல் வைத்திருங்கள். எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். அந்தப் பதிவைப் படித்த இன்னொருவர் சாட்சி சொன்னால் வழக்குக்கு முதுகெலும்பு வரும்.

4. சம்மனும் வாய்தாவும். சம்மனுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரை போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர முடியாதவர்களுக்கு, வக்கீல் மூலம் ஆஜராக மாஜிஸ்திரேட் அனுமதி தரலாம். புகார்தாரர் வராமலே இருந்தால் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, விடுதலை செய்துவிடவும் சட்டத்தில் இடமுண்டு.

என் பார்வையில், பலருக்கு உண்மையான தண்டனை தீர்ப்பில் வருவதில்லை. இந்த நான்காவது கட்டத்தில்தான் வருகிறது. துறைமுகத்தில் கூலி வேலை பார்ப்பவருக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வசதியுள்ளவர் வசதியில்லாதவரை அலைக்கழிக்க இந்தப் பிரிவு உதவுகிறது என்ற விமர்சனம் சரியானதே. ஆனாலும் 2016 மே 13-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், குற்றவியல் அவதூறு அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மானத்தோடு வாழ்வதும் 21-வது பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்பது அதன் அடிப்படை. அரசியல்வாதிகளுக்கு இந்த இரண்டு ஆண்டில் இன்னொரு கத்தியும் இருக்கிறது: இரண்டு ஆண்டு தண்டனை என்றால் பதவி பறிபோகும். 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றத் தீர்ப்பால் ராகுல் காந்தி எம்.பி. பதவியை இழந்ததும், ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் ஓர் அவதூறு வழக்கில்தான்.

காலக்கெடு, செலவு

குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு. சிவில் வழக்குக்கு ஒரே ஆண்டு. நோட்டீஸ் அனுப்பி, பெரியவர்களை வைத்துப் பேசி, மன்னிப்புக்குக் காத்திருந்து அந்த ஓர் ஆண்டைத் தவறவிடுபவர்கள் நிறைய. பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறதே என்று கணக்கை நீட்டவும் முடியாது; முதலில் வெளியான நாளிலிருந்தே கெடு தொடங்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் அது நூற்றுக்கு மூன்று. பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். நோட்டீஸில் ஒரு கோடி என்று எழுதக் காசு செலவில்லை. வழக்கில் எழுதினால் மூன்று லட்சம் கட்ட வேண்டும். நோட்டீஸைப் பார்த்து நடுங்குபவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்கலாம். குற்றவியல் அவதூறை ஒழித்துவிட்டு சிவில் வழக்கு மட்டும் போதும் என்று வாதிடுபவர்கள், அந்த முப்பதாயிரத்தைச் சீட்டு நடத்தும் அக்காவோ மீன் விற்கும் அம்மாவோ எங்கிருந்து கொண்டுவருவார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு ஓரளவு பதில் சட்ட உதவியில் இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். வக்கீலோடு நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். வழக்குப் போடுபவர் மட்டுமல்ல, வழக்கில் மாட்டியவரும் கேட்கலாம். மாநில, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் உயர் நீதிமன்ற வளாகப் பகுதியிலேயே இருக்கின்றன.

சமரசம்

அவதூறு, சமரசமாகத் தீர்த்துக்கொள்ளக் கூடிய குற்றம். பெயர் கெட்டவர் சம்மதித்தால் நடுவில் எந்தக் கட்டத்திலும் முடித்துக்கொள்ளலாம். பதிவான சமரசம் எதிரிக்கு விடுதலைக்குச் சமம். எழுதும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பு எந்த வாக்கியத்துக்கு என்று குறிப்பிட வேண்டும். அவதூறு எந்தக் குழுவில் போனதோ அதே குழுவில் மன்னிப்பும் போக வேண்டும். நேரில் காலில் விழ வைப்பதால் கெட்ட பெயர் திரும்பி வராது. சிவில் வழக்கும் நிலுவையில் இருந்தால் அதுவும் இதோடு முடிகிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முடிந்த சண்டை சிட்டி சிவில் கோர்ட்டில் தொடரும்.